மூன்று அடுப்பு, ஒரு மீட்டர்

இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த கரண்ட் பில் 2,124 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 510 யூனிட். இதே கோடை மாதங்களுக்கு 2022-இல் நாங்கள் ஓட்டியது 540 யூனிட், கட்டியது 2,044 ரூபாய். முப்பது யூனிட் மிச்சம் பிடித்து, எண்பது ரூபாய் அதிகமாகக் கட்டியிருக்கிறோம். குளிர்காலக் கணக்கு இன்னும் மோசம். 2022 தொடக்கத்தில் 420 யூனிட்டுக்கு 890 ரூபாய் கட்டினோம். 2025 தொடக்கத்தில் 390 யூனிட்டுக்கு 1,128 ரூபாய்.

"என்ன தம்பி, மிச்சம் பிடிச்சா பில்லு குறையும்னு சொன்னீங்க. எங்க குறைஞ்சிருக்கு?" என்று மதினி கேட்டார். பட்டாசு ஆலைக்குப் போய் வந்து, முகம் கழுவாமல், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருக்குச் சொல்வதற்காக நான் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. ஆமத்தூரில் எங்கள் தெருவுக்குப் போட்டது. உங்கள் ஊர் காலனிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், மிச்சம் பிடித்தது பொய்யில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். குண்டு பல்பு ஒன்றுகூட இப்போது எங்கள் வீட்டில் கிடையாது. 60 வாட் குண்டு பல்பு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் இருபத்தொன்றரை யூனிட் தின்னும். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. மூன்றேகால் யூனிட்டில் தந்துவிடும். பல்பை மாற்றினால் கைமேல் பலன். 2006-க்குப் பிறகு கலைஞர் ஆட்சியில் கொடுத்த பெட்டி டிவி ஒன்று இருந்தது, அதையும் எடைக்குப் போட்டாயிற்று. ஃபிரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் மூன்று குடும்பத்துக்கும் பொது. சித்தப்பா ராத்திரியில் எழுந்து பிளக்கைப் பிடுங்கி வைக்கிற ஆள். செல்போன் சார்ஜர் சுவரில் சும்மா தொங்கினால்கூடத் திட்டு விழும்.

ஃபேனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், அறுபது நாளைக்கு 45 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 90. அரசு கொடுக்கிற 100 யூனிட் இலவசம் அங்கேயே முடிந்துவிட்டது. இதில் பாதிக்கும் குறைவாக இழுக்கிற புது வகை ஃபேன் கடையில் இருக்கிறது. அதன் விலை எங்களுக்கு ஒரு பில்லைவிட அதிகம், நாங்கள் வாங்க வேண்டியது நாலைந்து. கரிசல் காட்டு வெயில் தெரியாதவர்கள் "ஏன் ஃபேன் போடுகிறீர்கள்" என்று கேட்கலாம். தொகுப்பு வீட்டுக் கான்கிரீட் கூரை பகல் முழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் இறக்கும். கத்தரி வெயில் காலத்தில் பாதிப் பேர் வாசலில்தான் படுக்கிறோம். வயதுப் பெண்பிள்ளைகள் எல்லாரும் வாசலில் படுக்க முடியாது. அவர்கள் இருக்கிற அறையில் ஃபேன் ஓடியே ஆக வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம்; 2016-இல் ஜெயலலிதா அறிவித்தது, 2025-லும் தொடர்ந்தது. 2022 செப்டம்பர் 10-இல்தான் பெரிய உயர்வு வந்தது. அதுவரை 500 யூனிட் ஓட்டிய வீடு 1,130 ரூபாய் கட்டியது. அந்த ஒரே உயர்வில் அது 1,725 ஆனது. 2024 ஜூலையில் மறுபடி ஏறி 1,805. நிலைக்கட்டணம் என்று இருபது, முப்பது, ஐம்பது வாங்கிக்கொண்டிருந்ததை 2022-இல் எடுத்துவிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2023-லும் 2025-லும் வந்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது, அதுவும் உண்மை.

ஆனால் 2022 உத்தரவில் இன்னொன்று இருக்கிறது, அதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் கட்டணம் தானாக ஏறலாம். விலைவாசிக் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ அது அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவு. 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83, 2025-இல் 3.16 என்று வந்ததெல்லாம் அந்த வழியில்தான். கரண்ட் விலைக்கு விலைவாசியோடு கயிறு கட்டிவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் குறைந்தபட்சக் கூலிக்கும் பஞ்சப்படி என்று ஒரு கயிறு உண்டு. எங்கள் சித்தி பேப்பர் குழாய் சுற்றுகிற எண்ணிக்கைக் கூலிக்கு அந்தக் கயிற்றை யார் கட்டியிருக்கிறார்கள்? ஏஜெண்டு வைத்ததுதான் கூலி.

வாரியம் கடனில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2022-இல் விலையேற்றத்துக்குச் சொன்ன காரணமே ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் போய்விட்ட கடன்தான். அந்தக் கடன் எப்படி வந்தது, வெளியிலிருந்து என்ன விலைக்கு மின்சாரம் வாங்கினார்கள், நிலக்கரி என்ன தரத்தில் வந்தது என்பதெல்லாம் பெரிய கதை. அறப்போர் இயக்கம் போன்றவர்கள் அதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். நான் இங்கே எழுத வந்தது வேறு.

500 யூனிட் வரை ஓட்டினால் ஒரு கணக்கு, 501 ஆனால் வேறு கணக்கு. 500-க்குள் இருக்கிறவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, அதற்கு மேல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, கடைசி நூறுக்கு 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்கிற சலுகைப் படியே காணாமல் போய்விடும். 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். 500-க்கு மேல் ஓடியதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. எங்கள் பில்லில் கூடிப்போன பத்து யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்தது 319 ரூபாய். ஒரு ஃபேன் பன்னிரண்டு, பதின்மூன்று ராத்திரி ஓடிய கணக்கு அது. ரீடிங் எடுக்க ஆள் நாலு நாள் தாமதமாக வந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். மாதா மாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது, இன்னும் வரவில்லை.

அதிகம் ஓட்டுகிறவர் அதிகம் கட்டட்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஏ.சி. இரண்டு வைத்திருக்கிறவருக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒரே விலை போடக்கூடாது. படி வைத்து விலை வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் படிக்கட்டு யாரை எண்ணுகிறது என்பதில்தான் என் சண்டை. அது மனிதரை எண்ணவில்லை, குடும்பத்தையும் எண்ணவில்லை. மீட்டரை எண்ணுகிறது. ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்று முடிவுகட்டிக்கொண்டு விலை போடுகிறது.

எங்கள் வீட்டில் மூன்று அடுப்பு. முன்னால் அம்மா, அப்பா, நான். பக்கவாட்டில் தகரம் இறக்கி எடுத்த பகுதியில் அண்ணன், மதினி, பிள்ளைகள் இரண்டு பேர். பின்னால் சித்தப்பாவும் சித்தியும். மூன்று வாசல், மூன்று அடுப்படி, மூன்று ரேஷன் கார்டு. ரேஷன் கடைக்கு நாங்கள் மூன்று குடும்பம். மின்கம்பத்துக்கு ஒரே குடும்பம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 510 யூனிட்டை மூன்றாகப் பிரித்தால் அடுப்புக்கு 170. தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் நூறு போக மீதி 70 யூனிட்டுக்கு 2.35 வீதம் 164 ரூபாய் 50 காசு. மூன்றும் சேர்ந்து 493 ரூபாய் 50 காசு. நாங்கள் கட்டியது 2,124. கூடுதலாகப் போனது 1,630 ரூபாய் 50 காசு. ஓடியது அதே ஃபேன், எரிந்தது அதே பல்பு. குளிர்காலத்து 390 யூனிட்டைப் பிரித்துப் பார்த்தாலும் தனித்தனியாக மொத்தம் 211 ரூபாய் 50 காசுதான் வரும், கட்டியது 1,128. வருடத்துக்கு ஆறு பில். குளிர்கால வித்தியாசத்தையே ஆறு முறைக்கும் போட்டால்கூட ஐந்தாயிரத்து ஐநூறு ரூபாய் போகிறது. 300 யூனிட் இலவசம் வாங்க வேண்டிய மூன்று குடும்பம் 100 யூனிட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது.

பல்பை மாற்றி, பிளக்கைப் பிடுங்கி, டிவியை விற்று நாங்கள் மிச்சம் பிடித்தது முப்பது யூனிட். மீட்டர் ஒன்றாக இருப்பதால் நாங்கள் இழந்தது அதைப் போலப் பல மடங்கு. மதினிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "அப்ப மூணு மீட்டர் வாங்க வேண்டியதுதான?" என்றார். அது அவ்வளவு லேசாக இருந்திருந்தால் எப்போதோ வாங்கியிருப்போம்.

எங்கள் மனை தாத்தா பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஊர்களில் காலனி என்று சொல்லப்படுகிற தெருக்கள் பலவும் உருவான விதம் உங்களுக்குத் தெரியும். ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து, அளந்து, குடும்பத்துக்கு இத்தனை சென்ட் என்று பட்டா கொடுத்தது. இதற்கென்றே 1978-இல் தனிச் சட்டம் போடப்பட்டது. அந்தப் பட்டா வந்தபோது தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னப் பையன்கள். மனை அப்படியே இருக்கிறது, அதில் இன்று மூன்று தலைமுறை. ஊருக்குள் இருக்கிறவர் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்து மனையை வாங்குகிறார், புது வீடு கட்டுகிறார், புது மீட்டர் மாட்டுகிறார். நமக்குப் பக்கத்து மனையை யாரும் விற்கமாட்டார்கள். விற்றாலும் கூலிக்காரன் வாங்குகிற விலையில் இருக்காது. ஆகவே வீட்டுக்குள்ளேயே சுவர் வைக்கிறோம். சுவர் வைப்பதற்குச் சாட்சி கிடையாது, காகிதம் கிடையாது. பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்.

2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் படிவத்தில் மூன்று தேர்வு இருந்தது. உரிமையாளர், வாடகைதாரர், உரிமையாளர்தான் ஆனால் இணைப்பில் பெயர் மாற்றவில்லை. நம் தெருக்களில் எத்தனை பேர் மூன்றாவதை அமுக்கினார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால் நம் நிலத்தின் கதை அப்படியே வெளியே வரும். நூறு யூனிட்டை நிறுத்தப்போகிறார்கள் என்று அப்போது எல்லாருக்கும் பயம். நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் இணைப்பில் ஒரு ஆதார்தான் ஏறியது, அப்பாவுடையது. அண்ணனும் சித்தப்பாவும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடக்கிறது. வசதியான ஒரே குடும்பம், கீழே ஒரு மீட்டர், மாடியில் ஒரு மீட்டர். இரண்டுக்கும் நூறு நூறு இலவசம். இப்படி இருப்பதை ஒன்றாக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்லது. பல மீட்டர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைத் தேடிப் போகிறவர்கள், ஒரு மீட்டரில் கிடக்கும் பல குடும்பத்தைத் தேடி வரவேண்டாமா? இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முனைகள்.

வாடகை வீட்டுக்காரர் நிலைமையைக் கேட்டால் நாம் பரவாயில்லை என்று தோன்றும். விருதுநகரில் என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவர் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். வீட்டு உரிமையாளர் தனியாக ஒரு சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வாங்கிக்கொள்கிறார். நூறு யூனிட் இலவசம் என்பது அந்தத் தம்பிக்குச் செய்தித்தாளில் படிக்கிற சமாச்சாரம். கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். சாதி கேட்டு வீடு கொடுக்கிற ஊரில் நம் பிள்ளைகள் கரண்ட் ரேட்டுக்காக வாய் திறப்பார்களா?

பில்லோடு போனால்கூடப் பரவாயில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது, மாதம் ஆயிரம் ரூபாய். அதற்கு வைத்த தகுதிகளில் ஒன்று, வீட்டின் மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அம்மா, மதினி, சித்தி மூவரும் விண்ணப்பத்தில் எழுதியது ஒரே இணைப்பு எண். மூவருக்கும் பணம் வருகிறது, இதுவரை. வருடத்துக்கு நாங்கள் 2,700 யூனிட் பக்கம் ஓட்டுகிறோம். அடுப்புக்கு 900. சித்தப்பா மகன் திருப்பூரில் இருக்கிறான், கல்யாணப் பேச்சு நடக்கிறது, கல்யாணம் முடிந்து இங்கேதான் வந்து இருக்கப்போகிறான். நாலாவது அடுப்பு வந்தால் 3,600. எல்லைக்கோடு சரியாக அங்கேதான் இருக்கிறது. ஏழைகளைக் கண்டுபிடிக்க வைத்த அளவுகோல், கூட்டமாக இருக்க வேண்டிய அளவுக்கு ஏழையாக இருப்பவரைப் பணக்காரர் பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறது. சித்தி இதைக் கேட்டதிலிருந்து கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மீட்டரைப் பற்றியும் பேசுகிறார்.

சித்தியின் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விருதுநகர்–சிவகாசி சாலையில் இருக்கிற எந்த ஊருக்கும் இது தெரிந்த விஷயம். பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் அறைகளில் மின்விளக்கு கிடையாது, ஃபேன் கிடையாது. ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும். பகல் வெளிச்சத்திலும் திறந்த கதவு வழியாக வருகிற காற்றிலும்தான் வேலை. 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை, அதனால் கரண்ட் இல்லாததைக் குறை சொல்லவில்லை. மதினி அப்படிப்பட்ட அறையில் பகலெல்லாம் வெந்துவிட்டு வருகிறார். வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் யூனிட்டைப் பற்றி நான் எந்த வாயால் பேச?

ஆனால் மருந்து தொடாத வேலை, பேப்பர் வேலை, அதெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. பேப்பரும் பசையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். சித்தி குழாய் சுற்றுவார். பகலில் சமையல், தண்ணீர், பேரப்பிள்ளைகள் என்று போய்விடும். ராத்திரி பத்து, பதினொன்று வரை லைட்டைப் போட்டுக்கொண்டு சுற்றுவார். பேப்பர் பறக்கும் என்று ஃபேனைக்கூட நிறுத்திவிடுவார், வேர்வை கை வழியாக ஒழுகும். அந்த வெளிச்சத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஆலைக்குள் அதே குழாயைச் சுற்றினால் இடம் முதலாளியுடையது, வெளிச்சம் சூரியனுடையது. வீட்டில் சுற்றினால் இடமும் வெளிச்சமும் சித்தியுடையது. தொழிலின் ஒரு செலவு சத்தமில்லாமல் எங்கள் மீட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எல்.இ.டி. என்பதால் தொகை சின்னதுதான், மறைக்கவில்லை. ஆனால் 500-க்கு மேல் ஏறிவிட்ட வீட்டில் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் 40 காசு.

எங்கள் மாவட்டத்திலேயே அருப்புக்கோட்டைப் பக்கம் வீட்டில் தறி போட்டு நெய்கிறார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 2023-இல்தான் 750-லிருந்து உயர்த்தினார்கள். கைத்தறிக்கு 200-லிருந்து 300 ஆக்கினார்கள். நெசவாளர்கள் சங்கம் வைத்து, தெருவில் உட்கார்ந்து, பல வருடம் கேட்டு வாங்கியது அது. அவர்களுக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் நடக்கிற உழைப்பை மின்கட்டணத்தில் ஒரு அரசு கணக்கில் எடுக்க முடியும் என்பதற்கு அவர்கள்தான் சான்று. குழாய் சுற்றுகிறவர், தீப்பெட்டி ஒட்டுகிறவர், இவர்களெல்லாம் தொழிலாளர் என்றே எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அதனால் அவர்கள் எரிக்கிற விளக்கும் வீட்டு விளக்கு.

மின்சாரக் கட்டணத்துக்காகத் தமிழ்நாடு சும்மா இருந்ததே இல்லை. கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பக்கம் உழவர்கள் எழுந்தார்கள். 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டங்களின் வழியில்தான் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்த மின்சாரம் கிணறும் பம்புசெட்டும் வைத்திருந்தவர் வயலுக்குப் போனது. அதே வயலில் களை எடுத்தவர் வீட்டில் அப்போது மீட்டரே கிடையாது. அந்த உயிர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் மானியமும் போய்ச் சேர்கிறது என்பது அன்றும் இன்றும் மாறவில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அம்பேத்கரைச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரக் கொள்கையும் அவர் கையில்தான் இருந்தது. 1943 அக்டோபர் 25-இல் பொதுப்பணி, மின்சக்திக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு தொகுப்பு நூல்களில் இருக்கிறது. மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா தனியாரிடம் இருக்க வேண்டுமா என்று கேள்வி எழுப்புகிறார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் இந்தியாவில் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமையின் சக்கரத்திலிருந்து மக்கள் வெளியே வர முடியாது என்பது அந்தப் பேச்சின் சாரம். மலிவு, தாராளம், இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். குறைவாக ஓட்டு என்று ஏழைக்குப் புத்தி சொல்வது அவர் கொள்கையில் இல்லை.

அடுத்து வரப்போவதையும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் நேரத்துக்கு ஒரு விலை என்று 2023 ஜூனில் ஒன்றிய அரசு விதி போட்டிருக்கிறது. சூரிய ஒளி இருக்கும் பகல் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது இன்னும் வரவில்லை. வந்தால் யாருக்கு லாபம்? பகலில் வீட்டில் ஏ.சி.யும் வாஷிங் மெஷினும் ஓட்ட ஆள் இருக்கிற வீட்டுக்கு. மதினி பகல் முழுவதும் கரண்டே இல்லாத அறையில் இருக்கிறார். அவர் வீட்டில் லைட்டும் ஃபேனும் போடுகிற நேரம்தான் உச்ச நேரம். கூரையில் சோலார் போடுங்கள், ஒன்றிய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 மானியம் தருகிறது என்கிறார்கள். எந்தக் கூரையில்? பாதி தகரம், மீதி தாத்தா பெயரில்.

இனி செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43. ஒரு இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்பு தர வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டாக்காரர் மட்டும்தான் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். உரிமையாளர் சம்மதம் தராத இடத்தில், குடியிருப்பதற்கான ஆதாரத்தோடு பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக் கொடுத்து இணைப்பு கேட்கவும் தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பில் வழி இருக்கிறது. தனி வாசலும் தனி அடுப்படியும் இருப்பதைப் போட்டோ எடுத்து வையுங்கள். தனி ரேஷன் கார்டு, தனி கேஸ் இணைப்பு இருந்தால் நகல் வையுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். மின் பகிர்மான வட்டத்துக்கு ஒரு நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை.

ஒவ்வொரு வீடாகச் செய்தால் ஆயுசு போதாது. ஒரு குடும்ப அட்டைக்கு நூறு யூனிட் என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். மீட்டர் ஒன்றாக இருந்தாலும் அதன் கீழ் இருக்கும் ரேஷன் கார்டுகளை எண்ணி, அதற்குத் தக்கபடி படிகளை விரிக்கலாம். மூன்று கார்டு என்றால் 300 இலவசம், 500 என்பது 1,500. தரவெல்லாம் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. உரிமைத் தொகைக்கு யாரைக் கழிக்கலாம் என்று பார்க்க அந்தத் தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டவர்களால், கட்டணத்தைக் குறைக்கவும் ஒப்பிட முடியும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை மாற்றுமுன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. 2022-இல் சென்னை, கோவை, மதுரையில் நடந்தது. அங்கே தொழிற்சாலைக்காரர்கள் கோப்போடு போய்ப் பேசுகிறார்கள். காலனியிலிருந்து ஒருவர் போய் எத்தனை வாசலுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கோடு பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு நோட்டில் நாலு கட்டம்: வாசல் எத்தனை, அடுப்பு எத்தனை, கார்டு எத்தனை, மீட்டர் எத்தனை. பக்கத்தில் கடைசி மூன்று பில்லின் யூனிட். எங்கள் தெருவில் முதல் வரிசை முடிந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கிற அண்ணன் மகள்தான் எழுதுகிறாள், 2.35, 4.70 எல்லாம் அவளுக்கு மனப்பாடம். உங்கள் ஊரில் எடுத்தால் அந்த நாலு கட்டத்தையும் மாற்றாமல் எடுங்கள், பிறகு சேர்த்துக் கூட்ட வசதியாக இருக்கும். சித்தப்பா இப்போது வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறார். கல்யாணம் தை மாதம்.